6.6 கிலோவாட் எல்எல்சி கன்வெர்ட்டர்: வரைபடத்தில் இல்லாத உறுப்புகள்

மின்வாகன சார்ஜருக்குள் பொதுவாக இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது, ஏசி மின்சாரத்தை வாங்கி 400 வோல்ட் டிசியாக மாற்றுவது. இரண்டாவது, அந்த 400 வோல்ட்டை பேட்டரி அந்த நேரத்தில் கேட்கிற அளவுக்கு மாற்றி, நடுவில் மின்காப்பும் கொடுப்பது, அதாவது இரண்டு பக்கமும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரிந்திருப்பது. நான் கட்டியது இரண்டாவது கட்டம். உள்ளே 400 வோல்ட், வெளியே 250 முதல் 450 வோல்ட், அதிகபட்சம் 20 ஆம்பியர், 6.6 கிலோவாட்.

இந்த வேலைக்கு எல்எல்சி ரெசொனன்ட் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது. சாதாரண கன்வெர்ட்டரில் மாஸ்ஃபெட்டின் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மேல் முழு வோல்ட்டும் நிற்கும்போதே அது ஆன் ஆகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகும். நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை ஆன் செய்தால் அந்தக் ‘கொஞ்சம்’ பெரிய தொகை. எல்எல்சியில், மாஸ்ஃபெட் ஆன் ஆவதற்கு முன்பே சுற்றில் ஓடும் கரண்ட் அதன் மேலிருக்கும் வோல்ட்டை வடித்துவிடும். வோல்ட் சுழியானபிறகு ஆன் செய்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. வெளிப்பக்க டயோடுகளும் கரண்ட் தானாகச் சுழிக்கு வந்தபிறகே அணைகின்றன, ரெசொனன்ஸ் அதிர்வெண்ணிலும் (இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இயல்பாக அலைகிற அதிர்வெண்) அதற்குக் கீழேயும். வெளியீட்டைக் கூட்டவும் குறைக்கவும் துடிப்பின் அகலத்தைத் தொட வேண்டாம், அதிர்வெண்ணை மாற்றினால் போதும்.

வரைபடத்தில் பார்த்தால் மூன்றே உறுப்புகள்: தொடராக ஒரு இண்டக்டர், ஒரு கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் (அதன் கோரைக் காந்தமாக்கும் கரண்டைத் தீர்மானிப்பது). கணக்கு ஒரு மாலையில் முடிந்துவிடும். மற்ற மாதங்களையெல்லாம் தின்றவை அந்த வரைபடத்தில் வரையப்படாத உறுப்புகள். இந்தப் பதிவு பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

கணக்கு

நடுநிலை வெளியீடாக 350 வோல்ட்டை வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஃபுல் பிரிட்ஜ் (உள்ளே நான்கு மாஸ்ஃபெட், வெளியே நான்கு டயோடு) என்பதால் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றுகளின் விகிதம் 400/350. அதற்கு 16:14 சரியாகப் பொருந்தும். ரெசொனன்ட் கெப்பாசிட்டர் 110 நானோஃபாரட், அதாவது 22 நானோஃபாரட் ஐந்து. ரெசொனன்ட் இண்டக்டர் 10 மைக்ரோஹென்றி. இரண்டும் சேர்ந்தால் ரெசொனன்ஸ் 152 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது. மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் அதைப்போல் ஐந்து மடங்கு, 50 மைக்ரோஹென்றி.

இந்த ஐந்து மடங்கு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மடங்கைக் கூட்டினால் சுற்றில் வீணாகச் சுழலும் கரண்ட் குறையும், ஆனால் 450 வோல்ட்டை எட்ட அதிர்வெண்ணை மிகவும் கீழே கொண்டுபோக வேண்டும். குறைத்தால் வோல்ட் வரம்பு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சுழலும் கரண்ட் ஏறும். பேட்டரி சார்ஜருக்கு வோல்ட் வரம்பு அகலம் என்பதால் ஐந்து பக்கமே நின்றேன். இதில் ரெசொனன்ஸில் மேக்னடைசிங் கரண்டின் உச்சம் 13 ஆம்பியர். சும்மா சுழல்கிற கரண்ட்தான், ஆனாலும் மாஸ்ஃபெட்டின் மேலிருக்கும் வோல்ட்டை வடிப்பது இதுவே. 100 நானோநொடி டெட் டைமில் (ஒரு மாஸ்ஃபெட் அணைந்து எதிர் மாஸ்ஃபெட் ஆன் ஆகும்வரை விடும் இடைவேளை) அதை வடிக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு கைவசம் இருந்தது.

அடிப்படை அலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் எளிய கணக்கின்படி 6.6 கிலோவாட்டில் 450 வோல்ட் கிடைக்க 99 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். உண்மையில் 108 கிலோஹெர்ட்ஸிலேயே கிடைத்தது. ரெசொனன்ஸுக்குக் கீழே அலை சைன் வடிவத்தை விட்டு விலகிப்போவதால் அந்தக் கணக்கு வெளியீட்டைக் குறைத்தே சொல்லும். பிழை நமக்குச் சாதகமான பக்கம் விழுகிறது, அதனால் தொடக்க வடிவமைப்புக்கு அது போதும்.

ஐந்து கெப்பாசிட்டர்கள்

ரெசொனன்ட் கெப்பாசிட்டர் வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் டிசி வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். 1000 வோல்ட் டிசி என்று எழுதியிருந்தாலும், 150 கிலோஹெர்ட்ஸில் அது தாங்கும் ஏசி வோல்ட் அதில் ஒரு பங்குதான். அதிர்வெண் ஏற ஏற வெப்பம்தான் எல்லையைத் தீர்மானிக்கும், டேட்டாஷீட்டில் அதற்கென்றே ஒரு வளைகோடு இருக்கும். என் சுற்றில் நடுநிலையில் கெப்பாசிட்டர் மேல் உச்சம் 270 வோல்ட், 450 வோல்ட் வெளியீட்டின்போது 460 பக்கம். மொத்தம் 20 ஆம்பியர் கரண்ட், ஆளுக்கு 4 ஆம்பியர். பாலிப்ரோப்பிலீன் வகையைத்தான் எடுத்தேன், பாலியெஸ்டர் வகையில் இழப்பு பல மடங்கு அதிகம்.

வகை சரியாக இருந்தும் முதல் பலகையில் சிக்கல் வந்தது. ஐந்தையும் வரிசையாக வைத்து, கரண்ட் நுழைவதையும் வெளியேறுவதையும் வரிசையின் ஒரே முனையில் கொடுத்திருந்தேன். வெப்பக் கேமராவில் பார்த்தால் முதல் கெப்பாசிட்டர் 83 டிகிரி, ஐந்தாவது 51 டிகிரி. பலகையில் இருக்கும் செம்புப் பாதைக்கும் ஒரு சிறு தடை உண்டு, கரண்ட் ஓடினால் அதுவும் சூடாகும். முதல் கெப்பாசிட்டர் பக்கத்தில் நுழையும் பாதையிலும் வெளியேறும் பாதையிலும் முழு 20 ஆம்பியர், ஐந்தாவது பக்கத்தில் இரண்டிலும் 4 ஆம்பியர்தான். வெப்பம் ஒரே முனையில் குவிந்துவிட்டது. தீர்வு மிக எளிது: ஒரு முனையில் நுழைந்து எதிர்முனையில் வெளியேறும்படி மாற்றினேன். அப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் போகிற பாதையின் கரண்டையும் வருகிற பாதையின் கரண்டையும் கூட்டினால் ஒரே அளவு. அடுத்த பலகையில் ஐந்துக்கும் இடையே வேறுபாடு 4 டிகிரிதான்.

டிரான்ஸ்ஃபார்மர்: முதல் முயற்சி

இங்கேதான் அதிக நேரம் போனது.

கோர் (கம்பியைச் சுற்றும் ஃபெரைட் துண்டு) பிக்யூ 50/50 அளவு, அதன் பயனுறு பரப்பு 328 சதுர மில்லிமீட்டர். 16 சுற்றுக்கு, ரெசொனன்ஸில், ஃபிளக்ஸ் உச்சம் 0.13 டெஸ்லாவுக்குள் நிற்கிறது. கம்பி, 0.1 மில்லிமீட்டர் இழைகள் கொண்ட லிட்ஸ் (தனித்தனியே காப்பிட்ட இழைகளை முறுக்கிய கம்பி). 150 கிலோஹெர்ட்ஸில் செம்பில் கரண்ட் புகும் ஆழம் 0.17 மில்லிமீட்டர், ஆகவே இழை அதைவிட மெலிதாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். இழப்பைக் குறைக்க பிரைமரி (உள்ளீட்டுப் பக்கச் சுருள்), செகண்டரி (வெளியீட்டுப் பக்கச் சுருள்), பிரைமரி, செகண்டரி என்று மாற்றி மாற்றிச் சுற்றினேன். லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (ஒரு சுருளின் புலம் மற்றதை முழுவதும் எட்டாததால் வருவது) 1.3 மைக்ரோஹென்றி வந்தது. அதைக் கழித்து வெளி இண்டக்டரை 8.7 மைக்ரோஹென்றிக்குச் சுற்றினேன்.

மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் 50 மைக்ரோஹென்றிக்கு வரவேண்டுமானால் கோரின் நடுக்காலில் காற்று இடைவெளி விடவேண்டும். சூத்திரம் 2.1 மில்லிமீட்டர் என்றது. இண்டக்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 50 வர 2.7 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. இந்த வித்தியாசமே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இடைவெளியில் காந்தப்புலம் நேராகத் தாண்டாமல் பக்கவாட்டில் உப்பிப் போகிறது, அதனால்தான் பரப்பு பெரிதானதுபோல் மீட்டர் காட்டுகிறது. உப்பிய புலம் போய் நிற்பது பக்கத்தில் இருக்கும் கம்பியில்.

3 கிலோவாட்டில் இருபது நிமிடம் ஓட்டியதும் வார்னிஷ் வாசனை வந்தது. வெளியிலிருந்து கேமராவில் பார்த்தால் 74 டிகிரி, கவலைப்பட ஒன்றுமில்லை. உள்ளே மெல்லிய தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பி) செருகி மறுபடி ஓட்டினேன். ஓடும்போது அந்த அளவை நம்ப முடியாது, காந்தப்புலம் தெர்மோகப்பிளையே சூடாக்கும், மீட்டரையும் குழப்பும். அணைத்த அடுத்த நொடி படிக்க வேண்டும். 141 டிகிரி. பிரித்துப் பார்த்தபோது இடைவெளிக்கு நேரே இருந்த மூன்று சுற்றுகள் மட்டும் கறுத்திருந்தன, மேலும் கீழும் இருந்தவை புதிதுபோல் இருந்தன.

வெளி இண்டக்டரை நான் முதலிலிருந்தே நான்கு சிறு இடைவெளிகளாகப் பிரித்துத்தான் செய்திருந்தேன். இண்டக்டரில் இடைவெளி எவ்வளவு சூடாக்கும் என்று தெரியும். ஆனால் எல்எல்சியில் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு இண்டக்டர்தான் என்பது கைக்குப் பழகாமல் இருந்தது. பெயர் டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் இடைவெளியை ஒரு சிறு திருத்தமாக நினைத்துவிட்டேன். 13 ஆம்பியர் உச்சத்தில் ஆற்றலைச் சேமித்து வெளியேற்றும் பொருள் அது. அந்த ஆற்றல் முழுவதும் இருப்பது அந்த இடைவெளியில்தான்.

குறைந்த கரண்டில் ஏறும் வோல்ட்

சூட்டைச் சரிசெய்யும் முன் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அரை ஆம்பியர் மட்டும் எடுத்து, வெளியீட்டை 300 வோல்ட்டுக்கு இறக்கப் பார்த்தேன். 200 கிலோஹெர்ட்ஸில் 322 வோல்ட். 250இல் 319. 300இல் 327. அதிர்வெண்ணை ஏற்றினால் வோல்ட் இறங்க வேண்டும், இங்கே திரும்பி ஏறுகிறது! கட்டுப்பாட்டு நிரல் இதைப் பார்த்து இன்னும் அதிர்வெண்ணை ஏற்றும், வோல்ட் இன்னும் ஏறும். பேட்டரி இணைப்புக்கு முன் வோல்ட்டைப் பொருத்த வேண்டிய நேரத்தில் இது நடந்தால் ஆபத்து.

இதற்குக் காரணமும் வரையப்படாத உறுப்புதான். சுற்றுகளுக்கு இடையேயும் டயோடுகளுக்குள்ளும் இருக்கும் கொள்ளளவு மேக்னடைசிங் இண்டக்டன்ஸுக்கு இணையாக உட்கார்ந்துகொண்டு, வெளி இண்டக்டரோடு சேர்ந்து மேலே ஒரு இரண்டாவது ரெசொனன்ஸை உண்டாக்குகிறது. முழு கரண்ட் ஓடும்போது அது தெரியாது. கரண்ட் குறைந்தால் தலைதூக்கும். நான் பெருமையாக மாற்றி மாற்றிச் சுற்றிய அமைப்பு லீக்கேஜைக் குறைத்தது உண்மை, ஆனால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே 310 பிகோஃபாரட் கொள்ளளவைக் கொண்டுவந்துவிட்டது.

அப்போதுதான் ஒன்று தெளிவானது. மற்ற கன்வெர்ட்டர்களில் லீக்கேஜ் எதிரி. எல்எல்சியில் நமக்குத் தொடராக ஒரு இண்டக்டர் எப்படியும் வேண்டும், லீக்கேஜ் அந்த வேலையில் ஒரு பங்கை இலவசமாகச் செய்கிறது. அதைக் குறைக்க நான் கொள்ளளவை விலையாகக் கொடுத்திருக்கிறேன், தேவையே இல்லாமல்.

இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்

பிரைமரி முழுவதும் உள்ளே, செகண்டரி முழுவதும் வெளியே, நடுவில் தடித்த காப்பு. மாற்றிச் சுற்றாததால் கம்பிக்குள் புலம் கூடும், அதற்கு ஈடாக இழையை 0.071 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோனேன். கரண்ட் புகும் ஆழத்தோடு ஒப்பிட்டு இழையைத் தேர்ந்தெடுத்தது முதல் தடவையில் போதவில்லை. நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று சூடாக்குவதைக் கணக்கில் எடுத்தால் ஆழத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

இடைவெளியை மூன்றாகப் பிரித்தேன். நடுக்காலை அறுத்து, ஃபெரைட் வட்டுகளை இடையில் வைத்து, கண்ணாடியிழைத் தகட்டைத் தடுப்பாக ஒட்டினேன். 0.75 மில்லிமீட்டர் வீதம் மூன்று, மொத்தம் 2.25. புலம் உப்புவது குறைந்ததால் சூத்திரத்துக்கும் மீட்டருக்கும் இடையே இருந்த தூரமும் சுருங்கிவிட்டது. இன்று யாராவது இதைச் செய்தால் முதலில் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கம்பி சூடாகப் போகிறது என்று பொருள். ஃபெரைட்டை அறுக்கும்போது தண்ணீர் விட்டு மெதுவாக அறுங்கள், தூசியைச் சுவாசிக்காதீர்கள். நான் இரண்டு கோர்களை உடைத்தபிறகே மூன்றாவது சரியாக வந்தது.

கொள்ளளவு 95 பிகோஃபாரட்டாக இறங்கியது. லீக்கேஜ் 4.1 மைக்ரோஹென்றி. மகிழ்ச்சியோடு பழைய வெளி இண்டக்டரையே போட்டு ஓட்டினேன். அலை சைன்போல் வரவேண்டிய 152 கிலோஹெர்ட்ஸில் முக்கோணமாக இருந்தது. அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே போனால் 134இல் சைன் வந்தது. தொடர் இண்டக்டன்ஸ் இப்போது 10 அல்ல, 8.7ஓடு 4.1ஐயும் சேர்த்து 12.8 என்பதை மறந்திருந்தேன். வெளி இண்டக்டரை 12 சுற்றிலிருந்து 10 சுற்றாகக் குறைத்தேன், 5.9 மைக்ரோஹென்றி, கூட்டுத்தொகை பழையபடி 10. செம்பும் குறைந்தது, கோரில் ஃபிளக்ஸும் குறைந்தது.

குறைந்த கரண்டில் வோல்ட் ஏறுவது 300 கிலோஹெர்ட்ஸ் வரை இப்போது இல்லை. ஆனாலும் இந்த விகிதத்தில் அதிர்வெண்ணை மட்டும் வைத்து, சுமையில்லாமல் 292 வோல்ட்டுக்குக் கீழே போகவே முடியாது. மேக்னடைசிங் இண்டக்டன்ஸும் தொடர் இண்டக்டன்ஸும் வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் எல்லை அது. அதற்குக் கீழே போக 250 கிலோஹெர்ட்ஸில் அதிர்வெண்ணை நிறுத்திவிட்டு, பிரிட்ஜின் இரு கால்களுக்கும் இடையே கட்ட வேறுபாட்டை, அதாவது ஒன்று மாறுவதற்கும் மற்றது மாறுவதற்கும் இடையிலான தாமதத்தை, கூட்டுகிறேன். துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பும் முறையும் உண்டு. அதில் வெளியீட்டு அலைவு கூடுவதால் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாஸ்ஃபெட்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரலில் பிடபிள்யூஎம் (மாஸ்ஃபெட்களை இயக்கும் துடிப்பு) காலஅளவை மாற்றும்போது புதிய மதிப்பு சுழற்சியின் நடுவிலேயே ஏற்றப்பட்டது. எண்ணி (கவுண்டர்) அந்தப் புதிய எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்ததால் கடைசிவரை எண்ணிக்கொண்டே போனது. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 16 பிட் எண்ணி முடிக்க 655 மைக்ரோநொடி. அவ்வளவு நேரம் ஒரே ஜோடி மாஸ்ஃபெட் ஆனாகவே இருந்து, சுற்றில் கரண்ட் பல முறை திசை மாறி, தவறான திசையில் இருந்த ஒரு கணத்தில் எதிர் மாஸ்ஃபெட் முழு வோல்ட்டோடு ஆனது. இரண்டு போயின.

புதிய மதிப்பு சுழற்சியின் தொடக்கத்தில் மட்டும் ஏறும்படி நிழல் ரெஜிஸ்டரை (புதிய மதிப்பை அதுவரை வைத்திருக்கும் இடம்) இயக்கியது ஒரு மாற்றம். அதைவிட முக்கியமானது மற்றொன்று: சுற்றில் ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதன்பின் கரண்டை எல்லையோடு ஒப்பிடும் கம்பேரேட்டர், எல்லை தாண்டினால் நிரலைக் கேட்காமலே ஒரு மைக்ரோநொடிக்குள் எல்லா கேட்டையும் அணைப்பது. இது இல்லாமல் 400 வோல்ட்டை இணைக்கவே கூடாது. நான் முதலில் 40 வோல்ட்டில்தான் எல்லாவற்றையும் சோதித்தேன், ஆனால் அந்தப் பிழை 40 வோல்ட்டில் எதையும் சுடாமல் கடந்துபோயிருக்கிறது.

தொடக்கத்தையும் கவனியுங்கள். வெளியீட்டு கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது, 300 கிலோஹெர்ட்ஸில் தொடங்கினாலும் சுற்றின் தடை 14 ஓம்தான். 400 வோல்ட் சதுர அலையின் அடிப்படை அலை உச்சம் 400ஐவிடப் பெரிது, அதனால் 36 ஆம்பியர் உச்சம் வரும். கட்ட வேறுபாட்டை வைத்துச் சுழியிலிருந்து மெதுவாகத் திறப்பதே நல்லது.

6 கிலோவாட்டை எங்கே கொட்டுவது

முழுத் திறனில் சோதிக்க 6 கிலோவாட் சப்ளையும் வேண்டும், 6 கிலோவாட் சுமையும் வேண்டும். முதலில் ஹீட்டர் கம்பிகளை வைத்து 3 கிலோவாட் வரை போனேன். அறையே அடுப்பானது. அதைவிடப் பெரிய குறை, ஹீட்டர் பேட்டரிபோல் நடப்பதில்லை. பேட்டரி வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால் அதிர்வெண்ணில் சிறு மாற்றம்கூட கரண்டில் பெரிய மாற்றமாக வெளிப்படும். ஹீட்டரில் அமைதியாக இருந்த கட்டுப்பாடு பேட்டரியில் ஊசலாடும்.

அப்புறம் செய்ததுதான் இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை. கன்வெர்ட்டருக்குள் மின்காப்பு இருக்கிறது. ஆகவே வெளியீட்டை 400 வோல்ட்டுக்கு வைத்து, அதை அப்படியே உள்ளீட்டிலேயே இணைத்துவிடலாம். 15 ஆம்பியர் உள்ளே போய், சுற்றி வந்து, மறுபடி உள்ளீட்டுக்கே திரும்புகிறது. சப்ளை கொடுக்க வேண்டியது இழப்பை மட்டும்தான். 1 கிலோவாட் சப்ளையை வைத்து 6 கிலோவாட்டை ஓட்டினேன். உள்ளீடு வோல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் பேட்டரிபோலவே நடக்கிறது. முதல் ஓட்டத்திலேயே கரண்ட் ஊசலாடியது, கட்டுப்பாட்டின் வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தபிறகு அடங்கியது. இந்தச் சோதனைக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தும் நிரல் கட்டாயம், வோல்ட்டை மட்டும் கட்டுப்படுத்தினால் கரண்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு நன்மை உண்டு. செயல்திறனை அளக்க, உள்ளே போன 6 கிலோவாட்டையும் வெளியே வந்த 6 கிலோவாட்டையும் தனித்தனியே அளந்து கழித்தால், மீட்டரில் அரை சதவீதப் பிழையே 30 வாட்டை விழுங்கிவிடும். இழப்பின் அளவுக்கு அது பெரிய பங்கு. சுற்றிவரும் சோதனையில் சப்ளையின் மீட்டர் நேராக இழப்பையே காட்டுகிறது. அரை சதவீதப் பிழை என்றால் அதில் ஒரு வாட்கூட இல்லை.

புதிய டிரான்ஸ்ஃபார்மரோடு 6 கிலோவாட்டில் சப்ளை காட்டியது 148 வாட். 97.6 சதவீதம். இதில் வெளிப்பக்க சிலிக்கன் கார்பைடு டயோடுகள் மட்டும் 42 வாட் பக்கம் எடுத்துக்கொள்கின்றன. பழைய டிரான்ஸ்ஃபார்மரை ஒப்பிடுவதற்காகச் சில நிமிடங்கள் மட்டும் போட்டுப் பார்த்தேன், 231 வாட். வேறுபாடு எண்பதுக்கும் மேற்பட்ட வாட், அதில் முக்கால்வாசி அந்த மூன்று கறுத்த சுற்றுகளில்.

ஒன்றரை மணி நேரம் ஓட்டி, அணைத்த அடுத்த நொடி உள்ளே படித்தேன். 96 டிகிரி. மேலே 79. கோரை குளிர்விப்புத் தகட்டோடு இன்னும் நன்றாக ஒட்டினால் உள்ளே 90க்குக் கீழே வரும் என்று நினைக்கிறேன். அதற்கான வெப்பம் கடத்தும் பிசினை வார்க்க அச்சு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன்பின் டயோடுகளை மாஸ்ஃபெட்களாக மாற்ற வேண்டும். ரெசொனன்ஸுக்குக் கீழே ஓடும்போது வெளிப்பக்க கரண்ட் அரைச்சுழற்சி முடியும் முன்பே சுழியாகிவிடும். அப்போது அந்த மாஸ்ஃபெட்களை அணைக்கத் தவறினால் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடும். அணைக்கும் நேரத்தை அதிர்வெண்ணை வைத்துக் கணிப்பதா, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் மேலும் வோல்ட்டை அளந்து தீர்மானிப்பதா என்று இரண்டையும் 40 வோல்ட்டில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.